திங்கட்கிழமைத் தாள்

சவுக்குத் தோப்பு முடிகிற இடத்தில் ஆட்டோ நின்றுவிடும். அதற்கு மேல் மணல், மணலில் தன் வண்டியின் பிழைப்பு நடக்காது என்று இஸ்மாயில் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அதே இடத்தில் அதே வார்த்தைகளில் சொல்வான், மங்கையர்க்கரசியும் ஒவ்வொரு முறையும் புதிதாகக் கேட்டவளைப் போலச் சிரித்துவைப்பாள். இன்றைக்குச் சிரிப்பு வரவில்லை. உதட்டை மட்டும் இழுத்துக்கொண்டு இறங்கினாள். முழங்கால் பிடித்துக்கொண்டது, ஆட்டோக் கம்பியைப் பிடித்தபடி ஒரு நிமிஷம் நின்றாள், அதற்குள் குகன் செருப்பை வண்டியிலேயே ஜோடி சேர்த்து வைத்துவிட்டு வெறுங்காலோடு நாலு எட்டு போயிருந்தான். இருபத்தேழு வயசுப் பிள்ளை, ஆறடிக்கு இரண்டு விரல்தான் குறைவு, முதுகு அப்படியே அவன் அப்பா முதுகு, அந்த முதுகைப் பார்த்தால் போதும், ஏதோ ஒரு ஆபீஸில் கையெழுத்துப் போடப் போகிறவன் என்று யாரும் சொல்லிவிடுவார்கள். திரும்பினால்தான் தெரியும். திரும்பினான். "திங்க?" என்றான். காலையிலிருந்து இது பதினோராவது தடவை, அவள் எண்ணிக்கொண்டே வருகிறாள், எண்ணுவதால் என்ன ஆகப்போகிறது, ஆனாலும் எண்ணுகிறாள். இஸ்மாயில்தான் பதில் சொன்னான். "நாளைக்குத்தான்டா திங்கக்கெழம, அது எங்கடா போயிடப் போவுது? வந்துதான தீரணும்!" சொல்லிவிட்டு அவள் முகத்தைப் பார்த்தான், என்ன தப்பாகச் சொல்லிவிட்டோம் என்று தெரியாமல் ஹார்னைத் துடைக்க ஆரம்பித்தான். "பதினோரு மணிக்குள்ள கெளம்பிடலாம்க்கா, வெயில் ஏறிடும்." பதினோரு மணி. இன்னும் மூன்று மணி நேரம் இருக்கிறது. மூன்று மணி நேரம் ரொம்ப நேரம் என்று சொல்லிக்கொண்டே மணலில் காலை வைத்தாள்.

திங்கட்கிழமை எங்கே போயிற்று என்று அவளுக்குத் தெரியும். அது அவளுடைய கைப்பையில், மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள், நாலாக மடிந்து கிடக்கிறது. மளிகைக் கடைக்காரர் கொடுத்த தினசரி நாள்காட்டி, சமையலறை வாசலில் ஆணியில் தொங்குவது, அதிலிருந்து நேற்று ராத்திரி அவன் தூங்கினபிறகு திருடின மாதிரிக் கிழித்தெடுத்தாள். மேலே சனியும் ஞாயிறும் இருக்க, அடியிலிருந்து திங்களை மட்டும் உருவுவது லேசில்லை, ஓரம் பிய்ந்துபோய் அட்டையில் ஒரு சிறு பல் மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது. காலையில் குளித்துத் தலைதுவட்டிவந்து சனிக்கிழமைத் தாளைக் கிழித்தவன், எப்போதும் செய்கிற மாதிரி மறுநாள் என்ன என்று பார்க்க ஞாயிற்றை விரலால் தூக்கினான். கீழே செவ்வாய். அந்தப் பிய்ந்த ஓரத்தை ஆள்காட்டி விரலால் தடவித் தடவி அவன் நின்றது இப்போதும் கண்ணிலேயே நிற்கிறது. முட்டாள்தனம், வேறு வார்த்தை இல்லை, இருபது வருஷம் இந்தத் தாளோடு குப்பை கொட்டினவள் செய்கிற காரியமா இது? எஸ்தர் டீச்சர் இருந்திருந்தால் காதைத் திருகியிருப்பார்கள். அவர்கள்தான் முதன்முதலில் சொன்னது, அவன் ஏழு வயசாக இருக்கும்போது, இந்த மாதிரிப் பிள்ளைகளுக்கான சின்னப் பள்ளிக்கூடத்தின் மாமர நிழலில்: "இவனுக்கு நாள் காதுல ஏறாதும்மா, கண்ணுலதான் ஏறும். ஒவ்வொரு நாள் தாளிலயும் அன்னிக்கு என்னன்னு வரைஞ்சு வச்சிடுங்க. ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்கோங்க. வரைஞ்சது நடக்கணும். நடக்கப்போறது வரைஞ்சிருக்கணும். ஒரு தடவை அதுல பொய் சொன்னீங்கன்னா அப்புறம் தாளையே நம்ப மாட்டான்." அன்றிலிருந்து வரைகிறாள். பள்ளிக்கூடத்தில் ஓவியத்துக்கு முட்டை வாங்கினவள், ஆஸ்பத்திரிக்கு ஒரு கூட்டல் குறி, கோயிலுக்கு ஒரு கூம்பு, முடிவெட்டுவதற்கு ஒரு கத்தரிக்கோல், ஞாயிறுக்குக் கடல். கடல் என்றால் மூன்று நெளிகோடு, அதன் கீழே மணலுக்கு ஒரு நேர்கோடு, அந்தக் கோட்டின் மேல் இரண்டு குச்சி மனிதர்கள், நெட்டை அவன், குட்டை அவள். அவன் அப்பா போனதிலிருந்து எந்தப் படத்திலும் இரண்டு பேர்தான். நாளைய தாளில் ஒரு வீடு வரைய வேண்டும். வீடு வரைந்துவிடலாம், அதில் என்ன கஷ்டம், நாலு கோடும் ஒரு கூரையும். எத்தனை பேரை வரைவது என்பதுதான் விஷயம். ஒரு வாரமாகப் பேனாவை எடுப்பதும் மூடுவதுமாக இருந்தவள், கடைசியில் கடற்கரையில் வைத்து வரையலாம், அங்கே மனசு லேசாக இருக்கும், அவனும் சந்தோஷமாக இருப்பான், அப்போதே காட்டிவிடலாம் என்று உருவிக்கொண்டு வந்துவிட்டாள்.

குகன் தண்ணீர் ஓரத்துக்குப் போய்விட்டான். அலை வரும்போது இரண்டு கையையும் விரித்து "வா! வா! வா!" என்று கூவுவான், அது திரும்பும்போது "போ" என்று ஒரே ஒரு தடவை, ரொம்பப் பெரிய மனிதன் மாதிரி, அனுமதி கொடுப்பான். கணுக்கால் நனையும் வரைதான் போவான், அதற்கு மேல் ஒரு அங்குலம் போகமாட்டான். மனித வாடையே இல்லாத கரை. இடது பக்கம் பாதி கட்டிவிட்டுப்போன ஏதோ விடுதியின் சுவர், கடல் அதில் ஒரு மூலையைத் தின்றிருக்கிறது. வலது பக்கம் கண்ணுக்கு எட்டும் வரை நண்டு வளைகள். நகரம் இங்கிருந்து ஒரு மணி நேரம்கூட இல்லை என்று நம்ப முடியாது, முதுகுப் பக்கம் சவுக்கு இரைகிறது, முன்பக்கம் கடல் இரைகிறது, நடுவில் அவள். முன்பெல்லாம் ஊருக்குள் இருக்கிற கடற்கரைக்குத்தான் கூட்டிப்போவாள், அவன் அப்பாவும் கூட வருவார், சுண்டல் எல்லாம் உண்டு. ஒருநாள் இவன் கையை விரித்துக் கூவியதைப் பார்த்து எவனோ ஒருத்தன், இவன் குடித்துவிட்டு அலம்பல் செய்கிறான் என்று நினைத்துக் கன்னத்தில் அறைந்துவிட்டான். அறைந்தவன்மேல் கூடக் கோபம் வரவில்லை அவளுக்கு. அறை வாங்கியவன் அந்தக் கையைப் பார்த்து "போ" என்று சொன்னானே, அதைத்தான் தாங்க முடியவில்லை. அதற்கப்புறம் இஸ்மாயில்தான் இந்த இடத்தைக் காட்டினான். "இங்க கத்தட்டும்க்கா, எவன் கேக்குறது." நாளைக்கு இவனைச் சேர்க்கப்போகிற இல்லத்தில் யார் கத்த விடுவார்கள்? அங்கே கடல் இல்லை. செங்கல்பட்டு தாண்டி, பொட்டல், நல்ல இடம்தான், குறை சொல்லக் கூடாது, அறையெல்லாம் கழுவிவிட்ட மாதிரி இருந்தது, ஒரு பையன் வாழைமரத்துக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தான், இவள் போனபோது நிமிர்ந்து பார்த்து வணக்கம்கூடச் சொன்னான். ஆனால் கடல் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் சிவப்பு எழுத்துத் தாளைப் பார்த்துவிட்டு வாசலில் போய் நிற்பானே.

இரண்டு மாசம். "முதல் ரெண்டு மாசம் நீங்க யாரும் வரக்கூடாதும்மா, போன்கூட வேண்டாம், உங்க குரலைக் கேட்டா அவன் இங்க ஒட்டவே மாட்டான்," என்று இல்லத்தை நடத்துகிற அம்மா சொன்னார். அதட்டிச் சொல்லவில்லை, பல பேருக்குச் சொல்லித் தேய்ந்துபோன குரலில் சொன்னார், மங்கையர்க்கரசிக்கு அந்தக் குரல் தெரியும், அவளே முப்பது வருஷம் அந்தக் குரலில் பேசியவள்தானே, தொலைபேசி நிலையத்தில் டிரங்க் கால் போட்டுக் கொடுக்கிற வேலையில். யாரோ துபாயில் அழுதுகொண்டிருப்பான், இங்கே ஒருத்தி அழுதுகொண்டிருப்பாள், நடுவில் இவள் நுழைந்து, "மூணு நிமிஷம் முடிஞ்சிருச்சு, நீட்டிக்கலாமா?" என்று கேட்பாள். கேட்காமல் விட்டால் மேலதிகாரி திட்டுவார். நீட்டிக்கலாமா என்று இப்போது அவள் யாரைக் கேட்பது? நாலு வருஷம் காத்திருந்த இடம், போன வாரம் ஒரு இடம் காலியாயிற்று என்று கூப்பிட்டார்கள், திங்கட்கிழமைக்குள் வரவில்லையென்றால் அடுத்த பெயருக்குப் போய்விடும். வேண்டாம் என்று சொல்ல வாய் வரை வந்தது. அந்த வாயை அடைத்தது ஆவணி மாசத்து ஒரு காலை. சமையலறையில் பால் பொங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தவள், அடுத்து கண் விழித்தபோது தரையில் கிடந்தாள், அடுப்பு அணைந்திருந்தது, ஜன்னல் வெயில் எதிர்ச் சுவருக்குப் போயிருந்தது, பக்கத்தில் குகன் சப்பணம் போட்டு உட்கார்ந்திருந்தான். காலை பத்திலிருந்து மாலை நாலு வரை உட்கார்ந்திருக்கிறான். கீழ்வீட்டுக்காரி கதவைத் தட்டித் தட்டிப் பார்த்திருக்கிறாள், திறக்கவில்லை, அன்றைய தாளில் கதவு திறப்பது வரைந்திருக்கவில்லை. சாப்பிடவில்லை, ஒன்றுக்குக்கூட எழுந்து போகவில்லை, வேட்டி நனைந்திருந்தது. அவள் விழித்ததும், "அம்மா தூக்கம்," என்றான், குறையாகச் சொல்லவில்லை, தகவலாக. டாக்டர் ஏதோ இதயத் துடிப்பு என்றார், மாத்திரை கொடுத்தார், பயப்பட ஒன்றுமில்லை என்றார். பயப்பட ஒன்றுமில்லையாம்! அவள் விழிக்காமலே போயிருந்தால்? பொழுது இருட்டும், விடியும், இவன் எழுந்து போய்க் குளித்துவிட்டு வந்து தாளைக் கிழிப்பான், மறுபடி வந்து அவள் பக்கத்தில் சப்பணம் போட்டு உட்காருவான். அதற்கு மறுநாளும். அந்தக் காட்சியைத் தாண்டி அவள் மனசு ஒரு அடிகூட நகர்வதில்லை, எங்கே சுற்றினாலும் கடைசியில் அந்தச் சமையலறைத் தரைக்கே வந்து நிற்கிறது. அதனால்தான் சரி என்றாள்.

வெயில் உறைக்க ஆரம்பித்தது. புடவைத் தலைப்பைத் தலையில் போட்டுக்கொண்டாள். ஒரு உடைந்த கட்டுமரத்தின் பாதி மணலில் புதைந்து கிடந்தது, அதன்மேல்தான் எப்போதும் உட்காருவாள், அங்கிருந்து பார்த்தால் அவன் முழுசாகத் தெரிவான். ஆறு வருஷத்துக்கு முன்னால் அதே கட்டையிலிருந்துதான் எழுந்துபோனாள். அதை நினைக்க வேண்டாம் என்றுதான் ஒவ்வொரு ஞாயிறும் நினைக்கிறாள். குகன் அப்பா போய் நாற்பது நாள் ஆகியிருந்தது. சிதம்பரநாதன், மனுஷன் ஒரு வெள்ளிக்கிழமை விடியற்காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்ச்சேர்ந்தார். தாளில் கோயில் கூம்பு. கூடத்தில் அப்பாவைக் கிடத்தியிருக்க, குகன் சட்டைப் பொத்தான்களை எல்லாம் போட்டுக்கொண்டு கோயிலுக்குப் போக வாசலில் நின்றான், வந்த ஜனம் எல்லாம் வாயைப் பொத்திக்கொண்டு பார்த்தது. யாருக்கு வரையத் தோன்றும் அன்றைக்கு? மூன்று நாள் சுவரில் தலையை முட்டினான், நெற்றி கிழிந்து அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. அந்த நாற்பதாம் நாள் கழிந்த ஞாயிறன்று, இப்படியே யாருமில்லாத கரையில், இஸ்மாயில் தோப்பில் தூங்கிக்கொண்டிருக்க, அவள் எழுந்துபோய் மகன் கையைப் பிடித்தாள். ஒரு முடிவும் செய்யவில்லை, சத்தியமாகச் செய்யவில்லை, கால் தானாக நடந்தது. தண்ணீர் முழங்காலுக்கு வந்தது, புடவை கனத்தது, கை பின்னால் இழுபட்டது. குகன் கணுக்கால் தண்ணீரில் ஊன்றி நின்றிருந்தான். இழுத்தாள். பெற்ற பிள்ளையை அவள் இழுத்தாள். அவன் ஒரு அங்குலம் அசையவில்லை. "கோடு," என்றான். "கோடு. கோடு." படத்தில் இரண்டு பேரும் கோட்டின்மேல் அல்லவா நிற்கிறார்கள், கடலுக்குள் யாரும் இல்லையே, அம்மா வரைந்ததை அம்மாவே மறக்கலாமா என்பது போல அவளைப் பார்த்தான். பிறகு அரிசி மூட்டையைத் தூக்குகிற மாதிரி அக்குளில் கை கொடுத்து அவளைக் கரைக்கு இழுத்துவந்து, ஈர மணலில் தன் பக்கத்தில் நிறுத்தி, நிற்பது சரியாக இருக்கிறதா என்று குனிந்து பார்த்துவிட்டு, "இட்லி," என்றான். அன்றைக்கு அவளும் சாப்பிட்டாள். அதை யாரிடமும் சொன்னதில்லை, தங்கையிடம்கூட. நாளைக்கு இவனை விட்டுவிட்டுத் திரும்பி வருகிற அந்த வீட்டை நினைத்தாள். ஒரு தட்டு, ஒரு தம்ளர், கிழிக்க ஆளில்லாத நாள்காட்டி. அப்போது அவள் கால் தானாக நடந்தால் கோடு என்று சொல்ல யார் இருக்கிறார்கள்? இந்த நினைப்பு வந்ததும் கட்டையின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். பயமாக இருந்தது, கடலைப் பார்த்து அல்ல.

பத்து மணிக்கு அவனே வந்துவிட்டான், பசி வந்தால் கடலாவது ஒன்றாவது. எவர்சில்வர் டப்பாவைத் திறந்து மிளகாய்ப்பொடி தடவிய இட்லிகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தாள். ஆறு இட்லி, எப்போதும் ஆறு, ஐந்து கொடுத்தால் கையை நீட்டிக்கொண்டே இருப்பான். அங்கே எத்தனை கொடுப்பார்கள் என்று கேட்க மறந்துவிட்டோமே, எழுதிக் கொடுத்த இரண்டு பக்கத்தில் இதை எழுதினோமா, தலையில் தண்ணீர் ஊற்றும்போது கண்ணை மூடச் சொல்லிவிட்டுத்தான் ஊற்ற வேண்டும் என்று எழுதினோம், மின்விசிறி மூன்றில்தான் ஓடவேண்டும் என்று எழுதினோம், இட்லி எழுதினோமா? வாயைத் துடைத்துவிட்டாள். அவன் கையைக் கழுவிக்கொண்டு வந்து, அவள் எதிரில் மணலில் மண்டியிட்டு உட்கார்ந்து, கெஞ்சலாக, அதட்டலாக, அவனுக்குத் தெரிந்த எல்லாமாகவும் கேட்டான்.

"திங்க?"

மூக்குக்கண்ணாடிக் கூட்டைத் திறந்தாள். மடித்த தாளை மடியில் விரித்து நீவினாள். குகன் மூச்சு விடுகிற சத்தம் கேட்டது. தொலைந்துபோன பொருள் கிடைத்த மாதிரி அவன் பிய்ந்த ஓரத்தைத் தொட்டுப் பார்த்தான். ராகு காலம் ஏழரை முதல் ஒன்பது. பன்னிரண்டு ராசிக்கும் ஒவ்வொரு வார்த்தை, பயணம், வரவு, அலைச்சல், அவள் ராசிக்கு நிம்மதி என்று போட்டிருந்தது. எவன் எழுதுகிறானோ, அவன் கையில் பேனாவைக் கொடுத்து இந்தக் கட்டையில் உட்கார வைக்க வேண்டும். பொய் வரைந்துவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. இரண்டு பேரை வரைந்துவிட்டால் நாளைக்குக் கையைப் பிடித்துக்கொண்டு குதித்து வருவான். அதற்கப்புறம் வாசலில் நின்று தாளைப் பார்ப்பான், அவளைத் தேடுவான், தாளைப் பார்ப்பான். இருபது வருஷத்தில் ஒரே ஒரு பொய். இல்லை. பேனாவைத் திறந்து வீடு வரைந்தாள். கூரை வரைந்தாள். கதவு வரைந்தாள். கதவுக்குள்ளே நெட்டைக் குச்சி மனிதன் ஒருவனை வரைந்தாள். கை நின்றுவிட்டது.

குகன் விரலை வைத்தான். "குகன்," என்றான். விரல் வீட்டுக்குள் தேடியது, கூரைமேல் தேடியது, கதவுக்கு வெளியே தேடியது. "அம்மா?"

"அம்மா இல்லடா கண்ணா. குகன் மட்டும். அது குகன் வீடு. அங்க நெறைய பேர் இருப்பாங்க. அம்மா அங்க இல்ல." இவ்வளவு நீளமாகச் சொன்னால் அவனுக்கு ஏறாது என்று தெரிந்தும் சொன்னாள், குரல் உடைந்து போயிற்று.

"அம்மா?" என்றான் மறுபடி. அவள் எங்கே என்றுதான் அவன் கேட்கிறான். நீயும் வா என்றோ போகமாட்டேன் என்றோ சொல்லவில்லை, முட்டிக்கொள்ளவில்லை, அவனுக்குத் தாளில் அம்மா எங்கே இருக்கிறாள் என்று மட்டும் தெரிய வேண்டும். வீட்டிலிருந்து விலக்கி, தாளின் மறுகோடியில், ராசிபலனுக்குக் கீழே இருந்த வெற்றிடத்தில், குட்டைக் குச்சியை வரைந்தாள். காலுக்குக் கீழே ஒன்றுமில்லாமல் அது அந்தரத்தில் நின்றது. அவனுக்கும் அது பிடிக்கவில்லை போலிருக்கிறது, தலையை ஒரு பக்கம் சாய்த்து ரொம்ப நேரம் பார்த்தான். பிறகு அவள் விரல்களிலிருந்து பேனாவைப் பிடுங்கினான். எஸ்தர் டீச்சர் ஆறு வருஷம் கையைப் பிடித்து எழுதவைத்துப் பார்த்து விட்டுவிட்ட கை அது, பேனாவைக் கரண்டியைப் பிடிப்பது போல முழு உள்ளங்கையால் பிடித்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, அந்தக் குச்சி அம்மாவின் காலடியில் ஒரு கோடு போட்டான். தாள் கிழிந்துவிடும் போல அழுத்திப் போட்டான். கோணல், ஆனால் கோடு.

"கோடு," என்றான். பேனாவை அவள் கையில் திணித்தான். "கடல்."

அவளுக்குப் புரிந்தது. அவன் போட்ட கோட்டுக்கு மேலே மூன்று நெளிகோடு வரைந்தாள். கண்ணில் நீர் நிறைந்து மூன்றாவது நெளிவு எங்கோ போயிற்று, பரவாயில்லை, கடல் அப்படித்தான் இருக்கும். குகன் முதலில் வீட்டைத் தொட்டான், "குகன்." அப்புறம் கோட்டைத் தொட்டான், "அம்மா, கடல்." சரியாகிவிட்டது. அவரவர் இடத்தில் அவரவர் இருக்கிறார்கள். எழுந்து, மணலைத் தட்டிக்கொண்டு, அவள் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல் அலையிடம் போய்விட்டான். "வா! வா! வா!" என்று அவன் கூவுவது கேட்டது. மங்கையர்க்கரசி தாளை மடியில் வைத்துக்கொண்டு வாய்விட்டு அழுதாள், அதற்கும் ஏற்ற இடம்தான் இது, எவன் கேட்பது.

பதினோரு மணிக்குத் தோப்புக்குத் திரும்பி வந்தார்கள். குகன் ஏறி, செருப்பை மாட்டிக்கொண்டு, தாளை இரண்டு கையாலும் பிடித்தபடி உட்கார்ந்தான். இஸ்மாயில் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு வண்டியைக் கிளப்பப் போனான்.

"இஸ்மாயில், நாளைக்கு ஒம்போது மணிக்கு மேல செங்கல்பட்டுப் பக்கம் போகணும்."

"போலாம்க்கா. திரும்பி நேரா வீட்டுக்குத்தான?"

"இல்ல. சாயங்காலம் இங்க வரணும். நான் மட்டும்." குகன் கையிலிருந்த தாளை ஒரு தடவை பார்த்துக்கொண்டாள். "நீ தூங்கிடாத. என்னைப் பார்க்கிற மாதிரி நில்லு."